சிப்புக்குக் கொடுக்கும் பணத்தை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்னை எல்டாம்ஸ் சாலைப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. ஆனால் இதே சந்தேகம் வேறு பல வீடுகளிலும் இருப்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரப்போகிறீர்கள். அதற்குள் வீட்டில் எதை எடுத்துப் பரணில் போடுவது, எதை இடம் மாற்றுவது என்று பட்டியலே போட்டிருக்கிறீர்கள்: இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி, படுக்கையறை ஏசியின் ஸ்டெபிலைசர், ஹாலில் இன்வெர்ட்டர், பால்கனிக்கு எதிரே தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர். ஃபிளாட் ஃபிளாட்டாக வந்த ஒருவர் மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டரை நீட்டி அதைக் கீகீயென்று அலறவைத்ததையும், சாதனத்துக்கு ஒரு ‘சிப்’ ஒட்டினால் கதிர்வீச்சு போய்விடும் என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். ஆறாக வாங்கினால் தள்ளுபடியாம்.

இதெல்லாம் முடிந்து, கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி: வீட்டுக்காரருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, காலைக் காபிக்கு அவர்தான் இண்டக்‌ஷனில் பால் காய்ச்சுவார் என்று. அந்த இரண்டு வரிக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் முன்னும் பின்னுமாக மாறுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைக் கிளப்பி அதைச் சூடாக்குகிறது. பேஸ்மேக்கரின் வேலையோ இதயம் தானாக எழுப்பும் மிகச் சிறிய மின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பது. துடிப்பு வராவிட்டால் தான் ஒன்றைக் கொடுப்பது. மிக அருகில் வலுவான, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் இருந்தால் அதையே இதயத் துடிப்பு என்று கருவி எண்ணி, கொடுக்க வேண்டிய துடிப்பைக் கொடுக்காமல் இருந்துவிடலாம். இப்போது வரும் கருவிகளுக்குப் பாதுகாப்பு அதிகம், ஆபத்து அபூர்வம். இருந்தாலும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் கருவிக்கும் நடுவே 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி, இடைவெளி வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. பால் காய்ச்சுகிறவர் இரண்டடி தள்ளியா நிற்பார்? பொங்கப்போகிறதா என்று குனிந்து பார்ப்பார். நெஞ்சு நேராக அடுப்புக்கு மேல் வரும். பாலை கேஸில் காய்ச்சச் சொல்லுங்கள். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, இந்த மாடலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், டிவி, ஓடும் மிக்ஸிக்குப் பக்கத்தில் நடமாடுவது இவற்றுக்கெல்லாம் அவர் பயப்பட வேண்டியதில்லை.

நீங்கள் மகளுக்காகக் கவலைப்பட்டு எழுதிய கடிதத்தில் காந்தப்புலத்திடம் உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் உங்கள் கணவர்தான். அவருடையது, காரணமும் விளைவும் தெளிவாகத் தெரிந்த ஆபத்து. மற்றவை அப்படி இல்லை.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். அந்த மனிதரின் மீட்டர் பொய் சொல்லவில்லை. எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடினாலும் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டது இது. மிக்ஸி மோட்டாருக்குள் கம்பிச் சுருளும் இரும்பும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால் அருகே போனால் எந்த மீட்டரும் அலறும். ஆனால் அவர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது சில உண்டு. முதலாவது, மீட்டர் காட்டிய 180 என்பது மில்லிகாஸ் கணக்கு. மைக்ரோடெஸ்லாவில் சொன்னால் 18. இரண்டாவது, அவர் மீட்டரை மிக்ஸியின் உடம்போடு ஒட்டி வைத்தார். அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் அங்கத்திய மிக்ஸிகளின் கணக்கு இருக்கிறது: 15 சென்டிமீட்டரில் நடுத்தர அளவு 7 மைக்ரோடெஸ்லா, 30 சென்டிமீட்டரில் 1, 60 சென்டிமீட்டரில் 0.2. இட்லிமாவையும் தேங்காயையும் அரைக்கும் நம்மூர் 750 வாட் மிக்ஸிக்கு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையும் வேகம் மட்டும் ஒன்றுதான். மோட்டார் போன்ற சிறிய பொருளிலிருந்து தூரம் இரட்டித்தால் காந்தப்புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். மிக்ஸியைப் போட்டுவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தால் அந்தச் சிப் செய்வதாகச் சொன்ன வேலை முடிந்தது. செலவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமே. அயனியாக்காத கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பொதுமக்களுக்கான வரம்பை 1998இல் 100 மைக்ரோடெஸ்லா என்று வைத்தது. 2010இல் அதை 200 ஆக்கியது. உடம்புக்குள் நரம்பைத் தூண்டும் அளவு மின்னோட்டம் உண்டாகிவிடக் கூடாது என்பதுதான் அந்த வரம்பின் அடிப்படை.

சிப் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மட்டுப்படுத்த செம்பே ஒன்பது மில்லிமீட்டர் கனத்துக்கு வேண்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க மட்டும். விரல்நகம் அளவு ஸ்டிக்கர் மோட்டாரின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு என்ன சாதிக்க முடியும்? ஒட்டிய பிறகு மீட்டர் அடங்கியதே என்று கேட்பீர்கள். இரண்டாம் முறை மீட்டரை அவர் எவ்வளவு தள்ளிப் பிடித்தார் என்று யோசித்துப் பாருங்கள். நாலு விரல் தூரம் போதும். மகன் கைபேசியில் ஏற்றிக் கொடுத்த ‘மீட்டர்’ செயலியையும் நம்ப வேண்டாம். கைபேசியில் இருக்கும் காந்த உணரி, திசைகாட்டிக்காக வைத்தது. பூமியின் அசையாத காந்தப்புலத்தைப் பார்க்க அது நல்லது. ஒரே நொடியில் நூறு தடவை திசை மாறும் காந்தப்புலத்தை ஒழுங்காக அளக்க அதற்குத் தெரியாது.

சரி, பிறகு ஏன் உலகம் முழுக்க இந்தப் பயம்? இதற்கு ஒரு கதை உண்டு, அதுவும் முழுக்க மூடநம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் நான்சி வெர்தைமர் என்ற நோய்ப்பரவியல் ஆய்வாளர், புற்றுநோயால் இறந்த குழந்தைகள் வாழ்ந்த வீடுகளைத் தேடித் தெருத் தெருவாகப் போனார். பல வீடுகளுக்குப் பக்கத்தில் தடித்த மின்கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் இருந்ததைக் கவனித்தார். எட் லீப்பர் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 1979இல் கட்டுரை வெளியிட்டார். அதிக மின்னோட்டம் ஓடும் கம்பிகளுக்கு அருகே வாழ்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. அவர்கள் வீட்டுக்குள் காந்தப்புலத்தை அளந்து இந்த முடிவுக்கு வரவில்லை. வெளியே கம்பியின் தடிமனையும் தூரத்தையும் பார்த்துக் கணித்தார்கள். பத்து வருடம் கழித்து பால் பிரோடர் ‘நியூயார்க்கர்’ இதழில் இதைத் தொடராக எழுதினார். அதற்குப் பிறகுதான் பயம் வீட்டுக்கு வீடு போனது. பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு இதில் பங்கு உண்டு. பெர்க்லி ஆய்வகத்தில் ராபர்ட் லிபர்டி என்பவர் உயிரணுக்களில் காந்தப்புலத்தின் விளைவைக் கண்டதாக 1992இல் எழுதினார். தரவுகளைத் திரித்திருந்தார் என்று 1999இல் அமெரிக்க அரசின் விசாரணை அமைப்பு அறிவித்தது. முதல் செய்தி போன தூரம் இரண்டாம் செய்தி போகவில்லை.

ஆனால் டென்வரோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2000இல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆல்பொம் தலைமையில் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து, ரத்தப் புற்றுநோய் வந்த 3,247 குழந்தைகளின் விவரங்களை ஒன்றாகப் பார்த்தார்கள். வீட்டில் நாள் முழுக்கச் சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே இருந்த குழந்தைகளிடம் ஆபத்து கூடவில்லை. நூற்றில் தொண்ணூற்று ஒன்பது பேருக்கு மேல் இந்தக் கூட்டம்தான். 0.4க்கு மேல் இருந்த அந்தச் சிறு கூட்டத்தில் ஆபத்து இரண்டு மடங்காகத் தெரிந்தது. இதை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் கூடி, இந்தக் காந்தப்புலத்தை ‘2பி’ என்ற பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம், ஆனால் சான்று போதாது என்கிற பிரிவு அது. நாம் காலையில் டபராவில் ஆற்றிக் குடிக்கிற காபியும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சந்தேகத்தில் 1991 முதல் 2016 வரை அதே 2பியில்தான் இருந்தது. மயிலாப்பூரில் அதற்காக யாரும் டிகாக்‌ஷனைக் கொட்டிவிடவில்லை.

ஒருவேளை காந்தப்புலம்தான் உண்மையான காரணம் என்றே வைத்துக்கொண்டாலும் எவ்வளவு பேர்? உலக சுகாதார நிறுவனம் 2007இல் அதையும் கணக்குப் போட்டது. 2000ஆம் ஆண்டில் உலகில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சுமார் 49,000 பேர். அதில் இதனால் நோய் வந்திருக்கக்கூடியவர்கள் 100லிருந்து 2,400 பேர் வரை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் சந்தேகத்தை இன்னும் குறைத்துவிட்டன. 2014இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனின் 1962 முதல் 2008 வரையான பதிவுகளைப் பார்த்தபோது, உயர் அழுத்த மின்பாதைகளுக்கு அருகில் 1960, 70களில் பிறந்த குழந்தைகளிடம் தெரிந்த கூடுதல் ஆபத்து 1980களிலிருந்து காணாமல் போயிருந்தது. கம்பிகள் அங்கேயேதான் இருக்கின்றன, மின்சாரமும் ஓடுகிறது. காந்தப்புலம்தான் காரணம் என்றால் அது ஏன் நடுவில் நின்றுபோக வேண்டும்? கம்பிக்கு அருகே குடியிருந்தவர்கள் யார், அவர்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்பதில்தான் விடை இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2022இல் புதிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களும் ஆபத்து கூடியதாகக் காணவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உங்கள் தெருவில் இருக்கும் அந்தப் பையன். அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியம் நடக்கிறது, வாசலில் நிற்கும் டிரான்ஸ்பார்மர்தான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சு அவன் அம்மா காதுக்குப் போகாமலா இருக்கும்? இந்த வீட்டைப் பார்த்து வாடகைக்கு வந்தது தான்தானே என்று அவர் ராத்திரி முழுக்க யோசிப்பார். அவர் அப்படி யோசிக்க எந்த ஆதாரமும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில்தான் டாக்டர் வி. சாந்தாவும் அவருடைய சகாக்களும், மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையை 1980களிலிருந்து நடத்தினார்கள். அதற்கு முன் பிழைத்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அதற்குப் பிறகு பாதிப் பேரளவுக்கு வந்தது, இன்றைக்கு இன்னும் மேலே போயிருக்கிறது. தெருவில் பேசுவதானால் இதைப் பேசலாம்.

டிரான்ஸ்பார்மரைப் பற்றி இன்னொன்று. அதைப் பார்த்ததும் 11,000 வோல்ட் என்று எழுதிய மண்டை ஓட்டுப் பலகைதான் கண்ணில் படும். ஆனால் காந்தப்புலத்தை உண்டாக்குவது வோல்ட் இல்லை, ஆம்பியர். 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் வீடுகளுக்குக் கொடுக்கும் பக்கத்தில் 650 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தக் கேபிள்கள் மூன்று ஃபேஸும் சேர்ந்தே போவதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றவை பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகின்றன. சில மீட்டர் தள்ளி, தெருவுக்கு அந்தப்புறம், மூன்றாம் மாடியில் இருக்கும் உங்கள் பால்கனிக்கு அதிலிருந்து வருவது வீட்டின் மற்ற அளவுகளோடு கலந்து தெரியாமல் போய்விடும். 2018இல் கொங்குப் பகுதி விவசாயிகள் உயர் மின்கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது கம்பிக்குக் கீழே டியூப்லைட்டைக் கையில் பிடித்து எரியவைத்துக் காட்டினார்களே, அது மின்புலம், வோல்ட்டின் வேலை. அதைச் சுவர் தடுத்துவிடும். காந்தப்புலத்தைச் சுவர் தடுக்காது.

கருவுற்றவர்களுக்குக் குறிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். கலிபோர்னியாவில் டி-குன் லீ என்ற ஆய்வாளர் 2002இலும் 2017இலும், அதிகக் காந்தப்புலத்தைச் சந்தித்த பெண்களிடம் கருச்சிதைவு கூடுதல் என்று எழுதினார். இரண்டாவது ஆய்வில் 913 கருவுற்ற பெண்கள் ஒரு நாள் முழுக்க மீட்டரை உடம்பில் கட்டியிருந்தார்கள். ஆனால் அவருடைய முதல் ஆய்வு வந்தபோதே ஒரு மறுப்பும் வந்தது, எனக்கு அது சரியாகப் படுகிறது. மசக்கை அதிகமாக இருப்பது பெரும்பாலும் கரு நன்றாக நிலைத்திருப்பதன் அடையாளம். மசக்கைக்காரி படுத்தே கிடப்பாள், வெளியே போகமாட்டாள். மசக்கை இல்லாதவள் பஸ் ஏறி, கடை கண்ணிக்குப் போய், நாலு மோட்டாரைக் கடந்து வருவாள்; மீட்டரும் அதிகம் காட்டும். ஆக, மீட்டர் அளந்தது அவள் நடமாட்டத்தையாக இருக்கலாம். எப்படியானாலும் அந்த ஆய்வு பேசுவது முதல் இருபது வாரத்தைப் பற்றி. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள்.

இண்டக்‌ஷன் அடுப்பை மகளுக்காகப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம்: நம் ஃபிளாட்டுகளின் சமையல் மேடை சரியாக ஏழு மாத வயிற்றின் உயரத்தில் இருக்கிறது, மேடையின் விளிம்பில் சாய்ந்து நின்றுதான் நாம் சமைப்போம். சுவிட்சர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறை இதற்கு எளிய யோசனை சொல்கிறது. அடுப்பிலிருந்து ஐந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி நிற்பது. சுருளை முழுக்க மூடும் அளவுள்ள பாத்திரத்தை நடுவில் வைப்பது. உலோகக் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி. சின்ன டபராவை ஓரத்தில் வைத்துச் சூடுபண்ணும்போதுதான் அதிகம் கசியும். அடுப்பை மேடையின் உள்பக்கம், சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தாலே போதும். பேறுகாலத்துக்கு வந்த பெண்ணை நீங்கள் சமைக்க விடப்போவதில்லை என்பது வேறு கதை.

அவள் படுக்கும் கட்டில்தான் நான் பார்க்கச் சொல்வது, ஏனென்றால் எட்டு மணி நேரம் தொடர்ந்து தலை இருக்கிற இடம் வீட்டில் அது ஒன்றுதான். தலைமாட்டுக்கு மேலே ஒன்றரை அடியில் ஸ்டெபிலைசர் என்று எழுதியிருக்கிறீர்கள். தலையணையை மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள், ஆறடி வித்தியாசம் வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜோ மீட்டர் பலகையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்வெர்ட்டர் ஹாலிலேயே இருக்கட்டும். அதில் கவனிக்க வேண்டியது காந்தத்தைவிட பேட்டரி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டம் வேண்டும், துணி போட்டு மூடாதீர்கள்.

தலைமாட்டை மாற்றினால் வடக்காகிவிடுகிறதே என்று உடனே கேட்பீர்கள், தெரியும். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதற்கு, ரத்தத்தில் இருக்கும் இரும்பைப் பூமியின் காந்தம் இழுக்கும் என்று இப்போது விஞ்ஞான விளக்கம் வேறு சொல்கிறார்கள். சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. எப்படிப் படுத்தாலும் அதே நாற்பதுதான். அண்ணா சாலையில் ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ எடுக்கப் படுத்தால் 1.5 டெஸ்லா, அதாவது 15 லட்சம் மைக்ரோடெஸ்லா. அதில் அரைமணி நேரம் படுத்துவிட்டு எழுந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருகிறோம். ரத்தத்தில் இருப்பது ஆணியின் இரும்பு மாதிரி நடந்துகொள்வதில்லை. லைனஸ் பாலிங் 1936இலேயே அதை அளந்து காட்டியிருக்கிறார். பெரியவர்கள் சொன்னது, மனசு கேட்கவில்லை என்றால் கட்டிலைக் கிழக்கு மேற்காகப் போடுங்கள். அவள் நிம்மதியாகத் தூங்கினால் சரி.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் கட்டடம் 1980களில் கட்டியது என்கிறீர்கள். பிறகு ஏசிக்கு ஒரு லைன், கீசருக்கு ஒரு லைன், வாஷிங் மெஷினுக்கு ஒரு லைன் என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆள் வந்து இழுத்திருப்பார். மின்சாரம் ஃபேஸில் வந்து நியூட்ரலில் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே பைப்பில் ஒட்டிப் போனால் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நியூட்ரல் எங்கோ அறுந்தது என்று ஒருவர் அதை எர்த்தோடு முடிந்துவிட்டுப் போயிருந்தால், திரும்பும் மின்சாரம் எர்த் ஒயரிலும் தண்ணீர்க் குழாயிலும் தன் வழியைத் தேடிக்கொள்ளும். அப்போது உண்டாகும் காந்தப்புலம் மிக்ஸியுடையது மாதிரி சட்டென்று குறையாது. தூரம் இரட்டித்தால் பாதியாக மட்டுமே ஆகும், அறை முழுக்க, நாள் முழுக்க இருக்கும். கணக்கு எளிது: இப்படி 2 ஆம்பியர் வழிதவறினால் ஒரு மீட்டரில் 0.4 மைக்ரோடெஸ்லா. ஆல்பொம் ஆய்வில் பேசப்பட்ட அதே எண். வீட்டுக்குள் காந்தப்புலம் என்று கவலைப்பட ஒன்று இருக்குமானால் அது இதுதான், அதைச் சிப் ஒட்டுகிறவர் தேடவே மாட்டார்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று கடையில் இருக்கிறது. ஆர்சிசிபி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதன் விசை விழாமல் மேலே நிற்கிறது என்றால் உங்கள் வீட்டில் வழிதவறும் மின்சாரம் 30 மில்லிஆம்பியருக்கும் குறைவு, காந்தப்புலக் கணக்கில் ஒரு மீட்டரில் 0.006. ஆனால் அதைக் கண்டுபிடித்தது காந்தப்புலத்துக்காக இல்லை, ஷாக் அடித்து யாரும் சாகக்கூடாது என்பதற்காக. நாட்டில் ஆண்டுதோறும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கிச் சாவதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டுக் கணக்குகள் சொல்கின்றன. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் மழைத்தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது தெருவில். வீட்டுக்குள் ஈரக்கையோடு கிரைண்டரைச் சாய்க்கிறோம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் ஓட்டையில் சொருகுகிறோம். கீசர் ஓடும்போதே குளிக்கிறோம். சர்க்யூட் பிரேக்கரான எம்சிபி இருக்கிறதே என்பீர்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி.

ஆறு சிப்பை விட்டுவிட்டு, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். போட்டவுடன் அது டப்பென்று விழும் சாத்தியம் அதிகம். “லைன் பழசு மேடம், ட்ரிப் ஆயிட்டே இருக்கும், டைரக்ட் பண்ணிடலாமா?” என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது விழுவதுதான் சேதி. எங்கோ நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, அல்லது கீசர் காயில் கசிகிறது. ஒவ்வொரு லைனாக அணைத்துப் பார்த்து எது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம். அந்த அரை நாள் கூலியைத் தயங்காமல் கொடுங்கள். மகள் வருவதற்குள் இது முடிந்துவிட வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது நீங்கள் கேட்காதது. உங்கள் கட்டடத்தின் படம் ஒன்றைக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள், டிரான்ஸ்பார்மர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று காட்ட. அதில் கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கும் தெரிகிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுவரில் ஈபி மீட்டர் பலகை, கீழே மெயின் ஸ்விட்ச், தடித்த கேபிள்கள். அந்தப் பலகையை ஒட்டியே வாட்ச்மேனின் மடக்குக் கட்டில், தலையணை பலகைப் பக்கம். பன்னிரண்டு வீட்டு ஏசியும் ராத்திரி ஓடும் மின்சாரமெல்லாம் அவர் தலைக்கு ஓரடி தூரத்தில் ஓடுகிறது. கட்டடத்தில் யாராவது 0.4க்கு மேலே இருக்கிறார்கள் என்றால் அவராகத்தான் இருக்கும். மழை நாளில் தரையில் தண்ணீர் ஏறினால் முதலில் ஷாக் அடிக்கக்கூடிய இடமும் அதுதான். காந்தப்புலத்தால் அவருக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். தண்ணீரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் அவர் கட்டிலை லிஃப்டுக்கு மறுபக்கம், மேடான இடத்துக்கு மாற்றவும், பலகைக்கு மூடி போட்டுப் பூட்டவும் சொல்லுங்கள். ஒரு கார் நிறுத்தும் இடம் போகும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்